இருக்கலாம்

சனிக்கிழமை மழை விட்டால் பகாவில்
ஆ செங் வீட்டுப் பின்கட்டில் கரி பற்றும்.
காட்டுப்பன்றி விலா.
உப்பும் மிளகும், வேறெதுவும் இல்லை.
கொழுப்புச் சொட்டச் சொட்ட
நெருப்பு எழுந்து நக்கும்.
கருகின ஓரத்துக்கு
நானும் தம்பி பூபாலனும் அடித்துக்கொள்வோம்,
நாற்பது தாண்டியும்.

செம்பனை ஆலையில் எனக்குப் பரிசோதனைக்கூட வேலை.
வெட்டின நிமிஷத்திலிருந்து
பழத்துக்குள் ஒரு கடிகாரம் ஓடும்.
லோரி பழுதென்று குலைகள் இரண்டு நாள் கிடந்தால்
எண்ணெயில் அமிலம் ஏறிவிடும்.
கண்ணாடிக் குழாயைத் திருகிக்
காரத்தைச் சொட்டுச் சொட்டாய் விடுவேன்,
இளஞ்சிவப்பு வந்து
கலையாமல் நிற்கும்வரை.
மேலாளருக்கு ஒரே வேதம்: சீக்கிரம்.
தாமதம்தான் கெடுக்கும்.
பதினேழு வருஷம் நானும் அதையே ஓதினேன்.

பிறகு பூபாலனுக்கு ரத்தம் போனது.
மூலம் என்றான்.
எட்டு மாதம் கருணைக்கிழங்கு தின்றான்.

சிரம்பானில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர்,
நோர் அஸ்லினா, என் மகள் வயதிருக்கும்,
வருகைச் சீட்டின் முதுகில் படம் போட்டாள்.
ஈரல். குடல். நடுவில் அம்புகள்.
கருகின கறியில் சில வேதிப்பொருள் உண்டாம்.
உடம்பில் ஒரு நொதி அதைப் பிடித்து மாற்றுமாம்.
சிலருக்கு மெதுவாய், சிலருக்கு வேகமாய்,
பிறக்கும்போதே முடிவாகிவிடும்,
ஒரு வயிற்றுப் பிள்ளைகளுக்கும் வேறு வேறாய்.
வேகமாய் மாற்றுகிறவர் குடலில்
மாறின சரக்கு
சுவரைக் கடிக்கலாம்.

வேகமாய் அரைக்கிற ஆலையா கெட்ட ஆலை? என்றேன்.
முங்கின், என்றாள். இருக்கலாம்.
சில ஆய்வு ஆமென்கிறது,
சிலதில் ஒன்றும் தெரியவில்லை,
சிகரெட் உண்டு, வயது உண்டு,
கறியை மட்டும் கூண்டில் ஏற்ற முடியாது.

புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்வரை
அளந்து எழுதுகிறவள் நான்.
இருக்கலாம் என்று எழுதினால்
என்னை ஆலைக்குள் விடமாட்டார்கள்.

கார் நிறுத்தத்துக்கு நடக்கையில்தான்
பாதம் ஞாபகப்படுத்தியது.

அப்பாவுக்குக் காசநோய் கண்ட வருஷம்
எங்கள் இருவருக்கும் தடுப்பு மாத்திரை,
ஒரே டப்பா, ஒரே அளவு.
மூன்றாம் மாதம் எனக்கு உள்ளங்கால் மரத்தது,
எறும்பு ஊர்ந்தது, செருப்புக் கழன்றதும் தெரியவில்லை.
அவன் திடலில் பந்து உதைத்துக்கொண்டிருந்தான்.
சோனி, என்று என்னைத்தான் திட்டினாள் அம்மா.

திரும்பிப் போய்ச் சொன்னேன்.
டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள்.
அந்த மாத்திரையைக் கரைப்பதும்
அதே நொதிதான் அக்கா.
உங்களுக்கு மெதுவாக இருக்கலாம்.
அவருக்கு வேகமாக
இருக்கலாம்.
சோதித்துப் பார்க்க இங்கே வசதி இல்லை.

ஆக, என் கால் மரத்ததும்
அவன் குடல் புண்ணானதும்
ஒரே எழுத்தின் இரண்டு உச்சரிப்பு.
அப்படித்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

மெதுவோ வேகமோ, உனக்கும் ஐம்பது வந்தாச்சு
என்று கிளினிக்கில் கா ரொஹாயா
ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கையில் திணித்தாள்.
மலத்தில் ஒளிந்த ரத்தம் தேட.
வாழ்நாளெல்லாம் அடுத்தவன் எண்ணெயைச் சோதித்தவள்
மூன்று நாள் அதை மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன்.
நாலாம் நாள் கொடுத்தேன்.
ஒரு கோடு. நல்ல கோடு.
இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வா என்றாள்.

போன சனிக்கிழமை மழை விட்டது.
சட்டைக்குள் பையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு
பூபாலன் வந்து உட்கார்ந்தான்.
ஆ செங் அவனுக்கென்று தனியாக
இஞ்சி போட்டு வேகவைத்திருந்தார்,
வெள்ளையாய், ஆஸ்பத்திரிச் சுவர்போல.
அவன் என் தட்டையே பார்த்தான்.
நீ தின்னு, உன் ஆலை மெதுவானது, என்றான்.
சிரித்தோம்.

கருகின ஓரம் விரலில் சுட்டது.
ஆ செங்கின் நாய்க்குப் போட்டேன்.
அது மென்றுகூடப் பார்க்கவில்லை.